பத்து வாரம் முதலிடத்தில் இருந்தால் போதுமா?

1980 தொடங்கி 1983 முடிய அமெரிக்க, பிரிட்டிஷ் தரவரிசைகளில் முதலிடம் பிடித்த பாப் பாடல்களுள் தலைசிறந்தது எது என்று சென்ற இதழில் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். ஒரு பாடலின் பெயரை மட்டும் எழுதி அனுப்பியவர்கள் குறைவு; அடுத்தவர் தேர்வு ஏன் தவறு என்று எழுதியவர்களே அதிகம். வாதத்துக்கு இடம் தரும் கடிதங்களுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: எங்கள் நண்பர் குழுவில் ஒருவர், "எத்தனை வாரம் முதலிடத்தில் இருந்தது என்று எண்ணிவிட்டால் விவாதத்துக்கே இடமில்லை" என்கிறார். அந்தக் கணக்கின்படி ஒலிவியா நியூட்டன்-ஜானின் 'ஃபிசிக்கல்' தான் வெல்கிறது. ஏற்றுக்கொள்ளலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உங்கள் நண்பரின் எண்ணிக்கை சரியானது, அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. 1981 நவம்பரில் அமெரிக்காவின் வாராந்தரத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலின் உச்சிக்கு வந்த 'ஃபிசிக்கல்', அடுத்த ஜனவரி வரை மொத்தம் 10 வாரங்கள் அங்கிருந்து நகரவில்லை. 1977-இல் பாடகி டெபி பூன் நிறுவிய 10 வாரச் சாதனையை அது சமன் செய்தது. ஆனால் அன்றைய பில்போர்டு பட்டியல் எப்படித் தயாரானது என்பதை அறிந்தால், வாரங்களை எண்ணுவதில் உள்ள நம்பிக்கை சற்றுத் தளரும். எத்தனை இசைத்தட்டுகள் விற்றன என்ற துல்லியமான எண்ணிக்கையைக் கடைகள் அனுப்பவில்லை; தங்களிடம் எவை நன்றாக விற்கின்றன என்று வரிசைப்படுத்திச் சொன்னார்கள். வானொலி நிலையங்களும் தாங்கள் ஒலிபரப்பும் பாடல்களின் பட்டியலைத் தந்தன. இவ்விரண்டையும் சேர்த்து மதிப்பெண் போட்டே ஒவ்வொரு வாரமும் வரிசை உருவானது. பார்கோடு மூலம் உண்மையான விற்பனையை எண்ணும் முறை அந்தப் பட்டியலுக்கு 1991 நவம்பரில்தான் வந்தது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் ஆண்டின் கடைசி வாரத்தில் புதிய பட்டியல் தயாரிக்கப்படாமல் முந்தைய வாரத்துப் பட்டியலே அப்படியே நீடிக்கும். டிசம்பரில் உச்சியில் இருக்கும் பாடலுக்கு ஒரு வாரம் உழைப்பின்றியே கிடைத்துவிடும். 'ஃபிசிக்கல்' அந்தச் சலுகையையும் பெற்ற பாடல்.

எதிர்ப்புறத்தையும் பாருங்கள். ஃபாரினர் குழுவின் 'வெயிட்டிங் ஃபார் எ கேர்ள் லைக் யூ' இரண்டாம் இடத்தில் 10 வாரங்கள் காத்திருந்தது. அவற்றுள் 9 வாரங்கள் அதன் தலைக்கு மேல் 'ஃபிசிக்கல்' அமர்ந்திருந்தது. அது இறங்கியபோதாவது வழி கிடைத்ததா என்றால், ஹால் அண்ட் ஓட்ஸ் ஒரே தாவில் முந்திக்கொண்டார்கள். ஒரு வாரம்கூட முதலிடம் காணாத அந்தப் பாடல், 'ஃபிசிக்கல்' பாடலைவிடப் பத்து மடங்கு மட்டமானது என்று உங்கள் நண்பர் சொல்வாரா? அமெரிக்காவில் ஒரே ஒரு வாரம் முதலிடம் கண்ட பாடல்களையும் அவரிடம் படித்துக் காட்டுங்கள்: டோட்டோவின் 'ஆஃப்ரிக்கா', டெக்சிஸ் மிட்நைட் ரன்னர்ஸின் 'கம் ஆன் ஐலீன்', டேவிட் பௌவியின் 'லெட்ஸ் டான்ஸ்', யூரித்மிக்ஸின் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. நான்கும் 1983-இல் அங்கே முதலிடம் கண்டவை. நாற்பது ஆண்டுகள் கழித்தும் உலகின் ஏதோ ஒரு மூலையில் இவை ஒலிக்காத நாள் இருக்காது. 'ஆஃப்ரிக்கா' பாடலை எழுதிய டேவிட் பேய்ச் அப்போது அந்தக் கண்டத்தில் காலே வைத்ததில்லை என்பது வேறு விஷயம். பாடலின் வயதை அது குறைத்துவிடவில்லை.

'ஃபிசிக்கல்' மோசமான பாடல் என்று நான் சொல்லவில்லை. அடக்கமான நாட்டுப்புறப் பாணிப் பாடகியாக அறியப்பட்ட ஒருவர், சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்பத் தயங்கும் அளவுக்குத் துணிந்து பாடியது அன்று ஒரு செய்தி. செய்தியாக இருந்ததால் பெற்ற வாரங்கள் அதில் கணிசம் என்பதே என் எண்ணம்.

கேள்வி: அதே 'ஃபிசிக்கல்' பிரிட்டனில் முதலிடமே பெறவில்லையாமே? இரண்டு நாட்டுப் பட்டியல்களும் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றன? (யாழ்ப்பாணம் வாசகி)

பதில்: ஆம், அங்கே அது 7-ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பிரிட்டிஷ் பட்டியலில் வானொலிக்குப் பங்கில்லை; கடையில் விற்ற சிங்கிள் (தனிப்பாடல்) இசைத்தட்டுகளே கணக்கு. தேர்ந்தெடுக்கப்பட்ட கடைகள் விற்பனையை நாட்குறிப்பில் கையால் எழுதி அனுப்புவது 1982 இறுதி வரை இருந்த வழக்கம். 1983 ஜனவரியில் கேலப் நிறுவனம் பொறுப்பேற்றுக் கணினி வழியாகத் தரவு பெறத் தொடங்கியது. எந்தெந்தக் கடைகள் கணக்கு அனுப்புகின்றன என்பதை மோப்பம் பிடித்து, அங்கே மட்டும் ஆள் வைத்துத் தட்டுகளை வாங்கச் செய்த முறைகேடுகளும் அக்காலத்தில் பேசப்பட்டன.

விற்பனை மட்டுமே அளவுகோலாக இருந்ததன் விளைவு, ஒரு குழுவுக்குத் தீவிர ரசிகர் கூட்டம் இருந்தால் பாடல் வெளிவந்த முதல் வாரத்திலேயே உச்சிக்குப் போய்விட முடியும். த ஜாம் குழுவின் 'கோயிங் அண்டர்கிரவுண்ட்' 1980 மார்ச்சில் நேரே முதலிடத்தில் நுழைந்தது. அமெரிக்காவிலோ, பரந்த நாட்டின் வானொலி நிலையங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொள்ளும் வரை பாடல் படிப்படியாக ஏறவேண்டும். இதனால் பிரிட்டிஷ் பட்டியல் சீக்கிரம் உணர்ச்சிவசப்படும். கேலிப் பாட்டு, பள்ளிச் சிறுவர் பாட்டு, கோபப் பாட்டு எல்லாம் அங்கே முதலிடம் வந்து போகும். அமெரிக்கப் பட்டியல் பெரும்பாலோருக்கு உறுத்தாத பாடலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 1981-இல் டயானா ராஸ், லயனல் ரிச்சி இணைந்து பாடிய 'எண்ட்லெஸ் லவ்' அங்கே 9 வாரங்கள் நீடித்ததற்கு இதைத் தவிர எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

கேள்வி: ஜான் லெனான் சுடப்பட்ட பிறகு அவருடைய பாடல்கள் முதலிடம் பெற்றன. இரக்கத்தால் கிடைத்த முதலிடத்தை இந்தப் போட்டியில் சேர்க்கலாமா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் லெனான் கொல்லப்பட்டபோது, '(ஜஸ்ட் லைக்) ஸ்டார்ட்டிங் ஓவர்' பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்துவிட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது, செய்தி பரவியதும் அது முதலிடத்துக்குத் தாவியது. கிறிஸ்துமஸ் வந்ததும் பாட்டியைப் புகழ்ந்து பாடிய செயின்ட் வினிஃப்ரெட்ஸ் பள்ளிச் சிறுவர் குழு அதைத் தள்ளிவிட்டது. பின்னர் 1981 ஜனவரியில் 'இமேஜின்' 4 வாரங்களும், அதைத் தொடர்ந்து 'வுமன்' 2 வாரங்களும் உச்சியில் இருந்தன. அமெரிக்காவில் 'ஸ்டார்ட்டிங் ஓவர்' ஏறுமுகத்தில் இருந்தபோதே துயரம் நேர்ந்தது. அங்கே 5 வாரங்கள் முதலிடம்.

இவற்றை நான் ஒரே தட்டில் வைக்கமாட்டேன். 'இமேஜின்' 1971-ஆம் ஆண்டுப் பாடல். எண்பதுகளின் தொடக்கத்தைப் பற்றிய போட்டியில் அதற்கு வாக்களிப்பது முறையல்ல. 'ஸ்டார்ட்டிங் ஓவர்' ஐம்பதுகளின் ராக் அண்ட் ரோல் பாணியை ஆசையோடு திரும்பிப் பார்க்கும் எளிய பாடல். வாழ்க்கையை மீண்டும் தொடங்குவோம் என்று பாடியவர் சில வாரங்களில் மறைந்தார் என்ற செய்தியை நீக்கிவிட்டு அதை இன்று கேட்பது எவராலும் இயலாது. இயலாதபோது, அதன் தரத்தை அளக்கும் வேலையையும் விட்டுவிடுவதே நேர்மை. 'வுமன்' மட்டும் எந்தச் செய்தியின் துணையுமின்றி நிற்கும் மெட்டு. எனவே அதைச் சேர்க்கலாம், வெல்லாது.

கேள்வி: முதலிடத்துக்கு வரவேண்டிய பாடல் வராமல் போன மிகப் பெரிய அநீதி எது? (சேலம் வாசகர்)

பதில்: அல்ட்ராவாக்ஸின் 'வியன்னா'. 1981 தொடக்கத்தில் பிரிட்டனில் 4 வாரங்கள் இரண்டாம் இடம். முதல் வாரம் லெனானின் 'வுமன்' தடுத்தது, அதில் குறையில்லை. அடுத்த 3 வாரங்கள் தடுத்தது ஜோ டால்சே இத்தாலியச் சாயல் கொண்ட கொச்சை ஆங்கிலத்தில் பாடிய 'ஷடப் யூ ஃபேஸ்' என்ற வேடிக்கைப் பாட்டு. பிரிட்டிஷ் பட்டியல் சீக்கிரம் உணர்ச்சிவசப்படும் என்று மேலே சொன்னேனே, அது எப்போதும் நல்ல உணர்ச்சியாகவே இருக்கும் என்று சொல்லவில்லை.

கேள்வி: நான் மிருதங்கம் பயில்பவன். எண்பதுகளின் தொடக்கத்தில்தான் சின்தசைசரும் டிரம் மெஷினும் புகுந்து பாப் இசையை உயிரற்றதாக்கின என்பது என் கருத்து. மறுப்பீர்களா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: பாதி மறுக்கிறேன். உயிரற்றதாகிவிட்ட பாடல்கள் உண்டு. ஆனால் இயந்திரம் இல்லாமல் பிறந்திருக்கவே முடியாத நல்ல பாடல்களும் உண்டு. ஷெஃபீல்டு நகரத்து ஹியூமன் லீக் குழுவின் 'டோன்ட் யூ வாண்ட் மீ' அதற்குத் தலையான சான்று. தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷெண்ட், லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷினையும் சின்தசைசர்களையும் கொண்டே அதைக் கட்டினார். பாடகர் ஃபிலிப் ஓக்கிக்கு அந்தப் பாடலே பிடிக்கவில்லை. ஆல்பத்தின் கடைசியில் வைக்கப்பட்ட அதை நான்காவது சிங்கிளாக வெளியிட அவர் தயங்கினார். வெளிவந்த பிறகு 1981 கிறிஸ்துமஸை உள்ளடக்கி பிரிட்டனில் 5 வாரங்கள், 1982 ஜூலையில் அமெரிக்காவில் 3 வாரங்கள் அது முதலிடம் பெற்றது. பாடலின் கதையைக் கவனியுங்கள்: மதுக்கடையில் பரிமாறிக்கொண்டிருந்தவளை நான்தான் நட்சத்திரமாக்கினேன் என்று ஆண் ஒரு சரணம் முழுவதும் மிரட்டுகிறான், அடுத்த சரணத்தில் அவள், ஆம், அங்கே வேலை பார்த்தது உண்மைதான், ஆனால் உன்னோடோ நீயின்றியோ நான் உயர்ந்திருப்பேன் என்கிறாள். அவளுக்காகப் பாடிய சூசன் ஆன் சுலி பயிற்சி பெற்ற பாடகியல்லர். அவர் குரலில் இருக்கும் அந்தச் சாதாரணத்தன்மைதான் பதிலடியை நம்பவைக்கிறது. பின்னால் நெகிழ்ச்சியற்ற இயந்திரத் தாளம் ஓடும்போது இருவருடைய சண்டையும் இன்னும் கூர்மையாகிறது. அங்கே உயிருள்ள டிரம்ஸ் வைத்திருந்தால் இருவருக்கும் அது ஆறுதல் சொல்லியிருக்கும்.

கிம் கார்ன்ஸின் 'பெட்டி டேவிஸ் ஐஸ்' இன்னொரு சான்று. டோனா வைஸ், ஜாக்கி டிஷானன் இருவரும் எழுதி, டிஷானன் எழுபதுகளில் முதலில் பதிவு செய்தபோது அது கேட்பாரற்றுக் கிடந்த ஒரு துள்ளல் பாட்டு. 1981-இல் பில் கியூமோ அதைச் சின்தசைசரில் மறுவடிவமைத்து வேகத்தைக் குறைத்தார். கார்ன்ஸின் கரகரத்த குரல் அதன்மேல் ஏறியதும், அமெரிக்காவில் 9 வாரங்கள் முதலிடம். அந்த ஆண்டின் மொத்தக் கணக்கிலும் அதுவே முதல். பழைய பாடலை மறுபடி பாடினால் அது எப்போதும் நகல்தான் என்று எழுதியிருந்த மற்றொரு வாசகருக்கும் இதுவே பதில்.

மிருதங்கம் பயிலும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' தொடங்கும் தாளத்தை இயந்திரம் என்று நினைப்பவர் பலர். அதில் டிரம்ஸ் வாசித்தவர் லியோன் சான்ஸ்லர் என்ற கலைஞர். ஒரே நடையை அணுவளவும் மாற்றாமல், ஒரு மிகை அடியும் சேர்க்காமல் கடைசிவரை கொண்டுபோவது எவ்வளவு கடினம் என்பதை எங்களைவிட நீங்கள் நன்கு அறிவீர்கள்.

கேள்வி: என் தோழியின் திருமண வரவேற்பில் த போலீஸ் குழுவின் 'எவ்ரி பிரெத் யூ டேக்' ஒலித்தது. அது காதல் பாடலே அல்ல என்று நான் சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். யார் பக்கம் நியாயம்? (சென்னை வாசகி)

பதில்: உங்கள் பக்கம். நீ விடும் ஒவ்வொரு மூச்சையும், வைக்கும் ஒவ்வோர் அடியையும் நான் கவனித்துக்கொண்டிருப்பேன் என்பதை ஒரு கணவன் சொல்வதாக எண்ணாமல், விட்டுப் பிரிந்தவன் சொல்வதாக எண்ணிப் பார்த்தால் உடல் சிலிர்க்கும். எழுதிய ஸ்டிங்கே அது உடைமை வெறியையும் கண்காணிப்பையும் பற்றியது என்று பேட்டிகளில் பலமுறை கூறியிருக்கிறார். அதை மென்மையான காதல் பாடலாக மக்கள் எடுத்துக்கொள்வது கண்டு அவருக்கும் வியப்புத்தான்.

ஆனால் சிரித்தவர்கள் மீது முழுப் பழியையும் போடமுடியாது. ஆண்டி சம்மர்ஸ் வாசித்த அந்தக் கிட்டார் அலை தாலாட்டுப் போலவே ஒலிக்கிறது. சொல் ஒரு பக்கமும் மெட்டு மறுபக்கமும் இழுக்க, பாடல் இரண்டுக்கும் நடுவே அமைதியாக நிற்பதுதான் அதன் திறமை. 1983 கோடையில் அமெரிக்காவில் 8 வாரங்கள் முதலிடம் பெற்று, அந்த ஆண்டின் பட்டியலிலும் பில்போர்டில் முதலாவதாக நின்றது. வாரங்களின் எண்ணிக்கையும் தரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போன அபூர்வமான நேர்வு இது என்பதைக் கோயம்புத்தூர் வாசகரின் நண்பர் குறித்துக்கொள்ளலாம்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் உங்கள் தேர்வைச் சொல்லுங்கள். 'பில்லி ஜீன்' என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? (டொராண்டோ வாசகர்)

பதில்: வந்த வாக்குகளில் பெரும்பான்மை அதற்கே. மறுப்பதற்கும் காரணம் குறைவு. 1983 மார்ச்சில் தொடங்கி அமெரிக்காவில் 7 வாரங்கள் முதலிடத்தில் இருந்த பாடல் அது. விந்தை என்னவென்றால் பிரிட்டனில் ஒரே வாரம். பாட்டு தொடங்குமுன் தாளமும் பேஸ் கிட்டாரும் அரை நிமிடம் அளவுக்கு ஓடுகின்றன. இது மிக நீளம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் குறைக்கச் சொன்னார்; தன்னை ஆடவைப்பதே அந்தப் பகுதிதான் என்று ஜாக்சன் விடவில்லை. ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் 91 முறை ஒலிக்கலவை செய்துபார்த்துவிட்டுக் கடைசியில் இரண்டாவது கலவையையே எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அதன் வரலாற்று இடமும் பெரிது. 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கிய எம்டிவி, கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகளை அரிதாகவே காட்டியது. 1983 தொடக்கத்தில் அந்தத் தொலைக்காட்சிக்கே பேட்டியளித்த டேவிட் பௌவி, ஏன் இப்படி என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். சில வாரங்களில் 'பில்லி ஜீன்' அந்தச் சுவரில் ஓட்டை போட்டது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் என் வாக்கு த ஸ்பெஷல்ஸ் குழுவின் 'கோஸ்ட் டவுன்' பாடலுக்கே. அமெரிக்கப் பட்டியலில் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதால் பலருக்கு அறிமுகம் தேவைப்படலாம்.

கார்த் தொழிற்சாலைகளை நம்பி வாழ்ந்த கவென்ட்ரி நகரில், கறுப்பர்களும் வெள்ளையர்களும் சேர்ந்து ஜமைக்காவின் ஸ்கா இசையை வாசித்த குழு அது. 1981-இல் அந்தத் தொழில் சரிந்துகொண்டிருந்தது. நாட்டில் வேலையற்றோர் தொகை 25 இலட்சத்தைத் தாண்டி 30 இலட்சத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஏப்ரலில் லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் கலவரம் வெடித்தது. அதே மாதம் கவென்ட்ரியில் தெற்காசிய வம்சாவளி மாணவர் ஒருவர் இனவெறித் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஜூனில் அதே நகரில் இனவெறிக்கு எதிராக நடந்த கச்சேரியில் ஸ்பெஷல்ஸ் வாசித்தார்கள். குழுவின் தலைவர் ஜெரி டாமர்ஸ் சுற்றுப்பயணத்தில் ஊர் ஊராகப் பார்த்தது மூடிய கடைகளை. கிளாஸ்கோவில் மூதாட்டிகள் வீட்டுப் பண்டங்களைத் தெருவில் விற்றதைக் கண்டதாகவும் அவர் கூறியிருக்கிறார். அந்தப் பயணத்தில் பிறந்த பாடல், ஜூலையில் லிவர்பூலின் டாக்ஸ்டெத் பற்றி எரிந்து கலவரம் நகரம் நகரமாகப் பரவிய அதே நாட்களில் பிரிட்டனின் முதலிடத்துக்கு வந்து 3 வாரங்கள் இருந்தது. அந்த மாதக் கடைசியில்தான் இளவரசர் சார்லஸின் திருமணம். நாடு முழுவதும் தோரணம் கட்டிக்கொண்டிருந்த வேளை.

காலத்தோடு பொருந்தியதால் மட்டும் வாக்களிக்கிறேன் என்றால், லெனான் பாடலுக்கு நான் சொன்ன மறுப்பு எனக்கே திரும்பும். எனவே இசையைப் பாருங்கள். சங்கொலி போன்ற ஓசையில் தொடங்கி, ஆர்கன் பாம்பு நெளிவதுபோல ஏறி இறங்குகிறது. கியூபாவில் பிறந்து ஜமைக்காவில் வளர்ந்த ரிக்கோ ரோட்ரிகஸின் டிராம்போன் எவ்வித அவசரமும் இன்றி ஒரு தனி வாசிக்கிறது. பல்லவி இருக்கவேண்டிய இடத்தில் சொற்களே இல்லாத, ஓலமா கேலியா என்று பிரித்தறிய இயலாத குரல்கள். நடுவில் ஒரு சில வினாடிகள் மெட்டு திடீரென்று வெளிச்சமாகி, ஊரில் ஆடிப்பாடிய நல்ல நாட்கள் நினைவிருக்கிறதா என்று கேட்கிறது. கேட்டு முடிக்குமுன் இருள் மூடிவிடுகிறது. குழுவின் பாடகர் டெர்ரி ஹால் இதையெல்லாம் கோபமே இல்லாத குரலில் பாடுகிறார். கலவரம், வேலையின்மை எதையும் அறியாமல் முதன்முறை கேட்பவருக்கும் ஏதோ ஓர் ஊருக்கு நேர்ந்த கேடு புரிந்துவிடும். ஒரு தரவரிசையின் உச்சியில் இவ்வளவு விசித்திரமான ஒலி அமர்ந்தது அதற்கு முன் எனக்குத் தெரிந்து இல்லை. முதலிடப் பாடலாக 'டாப் ஆஃப் த பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அதைப் பாடச் சென்ற அன்றே குழுவின் மூவர் விலகுவதாக அறிவித்துவிட்டார்கள். 'பில்லி ஜீன்' இதைவிடச் செம்மையாகச் செய்யப்பட்ட பாடல். ஆனால் அதன் செம்மையை அணுகக்கூடிய பாடல்கள் பிறகு வந்தன, 'கோஸ்ட் டவுன்' போன்ற முதலிடம் மீண்டும் வரவில்லை.

கேள்வி: ஸ்வீடன் நாட்டு 'அப்பா' (ABBA) குழுவின் 'த வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாடலை யாருமே குறிப்பிடாதது ஏன்? மூன்றாம் இடமாவது தருவீர்களா? (பெங்களூர் வாசகி)

பதில்: நான்கு பேர் குறிப்பிட்டிருந்தார்கள், நீங்கள் ஐந்தாமவர். 1980 ஆகஸ்ட்டில் பிரிட்டனில் 2 வாரங்கள் முதலிடம் பெற்ற பாடல் என்பதால் போட்டிக்கு முழுத் தகுதி உண்டு. அமெரிக்காவில் 8-ஆம் இடம். மணமுறிவுக்குப் பின் குழுவின் பியோர்ன் எழுதிய வரிகளை, அவரைப் பிரிந்த மனைவியும் அதே குழுவின் பாடகியுமான அக்னேத்தாவே பாடினார். வெற்றியாளர் யாருமில்லை, இது எங்கள் சொந்தக் கதையன்று என்று பியோர்ன் மறுத்துவந்தாலும், அக்னேத்தாவின் குரல் அந்த மறுப்பைக் கேட்டதாகத் தெரியவில்லை. மூன்றாம் இடத்தை 'டோன்ட் யூ வாண்ட் மீ' பாடலுக்கு ஒதுக்கியிருந்தேன். இரண்டும் பிரிந்தவர்களின் வழக்குகள். சண்டை போடுகிறவளைவிடத் தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிறவளின் பாட்டு கடினமானது. ஹியூமன் லீக் நான்காம் இடத்துக்கு இறங்கட்டும்.